பதினாலாம் நம்பர் மனை

அத்தியாயம் ஏழு

"நகையைத் திருடுவான், ஆட்டைத் திருடுவான், அடுத்தவன் பொண்டாட்டியைக்கூடத் திருடிட்டுப் போவான். வீட்டைத் திருடுவானா சார்ஜன்ட்?"

மர்ட்டில் லாஷ்லி சைடுகாரில் உட்கார்ந்து, ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் ஹோல்டிப். பிரிட்ஜ்டவுன் போலீஸில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, ஒரு பெரிய மனுஷனின் மச்சானைக் கைது செய்த பாவத்துக்கு வேலையை விட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். பேசுவதற்கு முன் யோசிப்பார். யோசிக்காமல் பேசுவதற்குத்தான் மர்ட்டிலுக்குச் சம்பளம். அதுவும் சில மாசம் வராது.

"திருடியிருந்தா கேஸ் சுலபம்" என்றார் கடைசியில். "இது நகர்த்தி வச்சிருக்கு. அறுபது தப்படி."

"அப்ப வீட்டுக்குக் கால் முளைச்சிருக்கு. டாக்டரைக் கூப்பிட வேண்டிய கேஸ்."

இரண்டு பக்கமும் கரும்பு. நடுவில் ஒரே ஒரு மண் ரோடு. அது போய் முடிகிற இடம் ஹாலட்ஸ் குடியிருப்பு. அங்கே மண் தோட்டத்துத் துரையுடையது, மேலே நிற்கும் பலகை வீடு குடியிருப்பவனுடையது. நாலு மூலையிலும் பவளக்கல்லை அடுக்கி, அதன்மேல் வீட்டை வைத்திருப்பார்கள். துரை 'கிளம்பு' என்றால் வீட்டோடு கிளம்ப வேண்டியதுதான்.

இப்போது கிளம்பச் சொன்னது சர்க்கார். புது நெடுஞ்சாலை ஹாலட்ஸ் நடுவில் போகிறது. பட்டியலில் உள்ள பதினாலு குடும்பத்துக்கும் மேட்டு நிலத்தில் சொந்த மனை. பரம்பரைக்கும் யாரும் எழுப்ப முடியாத மண். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் தொகுதி மெம்பர், மாண்புமிகு ஃபிட்ஸ்ஜெரால்ட் பைனோ.

பதினாலாம் நம்பர் மனையில் பதினொரு வருஷம் குடியிருந்த எனிட் ஸ்கீட்டின் பெயர் அதில் இல்லை. அந்த இடத்தில் ஆர்மண்ட் ப்ளேட்ஸ் என்று இருந்தது. ப்ளேட்ஸ் யார்? பைனோவின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. டவுனில் பிறந்து டவுனில் கொழுத்தவன்.

இன்று மூன்று மணிக்குச் சட்டசபைக் குழு நேரில் பார்த்துப் பட்டியலில் கையெழுத்துப் போட வருகிறது. அதற்குப் பிறகு எனிட்டுக்கு வீடு இருக்கும், வைக்க இடம் இருக்காது. இந்தத் தீவில் மனை இல்லாத வீடு வெறும் விறகு.

ஹோல்டிப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

எனிட் ஸ்கீட் வாசலிலேயே நின்றாள். ஐம்பது வயது. ஊர்த் துணியை வெளுத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய கை, முழங்கை வரை உறுதியாக இருந்தது. அவள் வீடு பள்ளத்தின் விளிம்பில், குடியிருப்பின் எல்லைக் கல்லுக்கு வெளியே, தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தது.

"ஏப்ரல்ல மக பிரசவத்துக்கு டவுனுக்குப் போனேன். பத்தே நாள். திரும்பி வந்தா என் இடத்துல மஞ்சள் வீடு. என் வீடு இங்க. யாரைக் கேட்டாலும், 'உன் வீடு எப்பவும் பள்ளத்தோரம்தானே இருந்துச்சு எனிட், உனக்கு வெயில்ல புத்தி கலங்கிருச்சா'ங்கிறாங்க. ரெண்டு நாள் நானே நம்பிட்டேன்யா. எனக்குத்தான் பைத்தியமோன்னு."

"வாடகை ரசீது?" என்றார் ஹோல்டிப்.

"போன செப்டம்பர் புயல் கூரையோட கொண்டுபோயிருச்சு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன்" என்றாள் மர்ட்டில். "இவங்க முழு வீட்டையே மறைச்சிருக்காங்க. சோறு ரொம்பப் பெரிசு."

தெருக்குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் வாளியோடு நின்றார்கள். மர்ட்டில் நெருங்கியதும் பேச்சு நின்றது. குழாய் மட்டும் கொட்டியது. அதுவும் பைனோ கொண்டுவந்த குழாய். அவர் பெயர் இரும்பில் வார்த்து வைத்திருந்தது.

பைனோவின் கதை தீவுக்கே தெரியும். சர்க்கரை ஆலையில் மூட்டை எண்ணியவர். நாற்பத்துநாலில் ரம் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று, "துரைமார் காலம் முடிஞ்சுது!" என்று முழங்கி ஜெயித்தார். முதல் தடவை சட்டசபைக்கு சைக்கிளில் போனார். இரண்டாம் தடவை காரில். மூன்றாம் தடவை ஜெயித்தபோது கடலோரத்தில் மாடி வீடு எழும்பியது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு முறை கூரை போட்டதாகக் காகிதம் சொன்னது. மழை மட்டும் வகுப்புக்குள்ளேயே பெய்தது. சனம் சிரித்துக்கொண்டே மறுபடி ஓட்டுப் போட்டது. 'தின்னான்தான், ஆனா நமக்கும் தண்ணி கொடுத்தானே' என்பது ஊர்த் தீர்ப்பு. திருடனுக்கு நன்றி சொல்லிப் பழகின ஊரை என்ன செய்ய!

குழாய்க்குப் பக்கத்தில் பெர்சி ட்ராட்மன் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தான். ஊருக்கு ஒரே தச்சன்.

"எனிட் வீடு எங்க இருந்துச்சு தம்பி?" என்றார் ஹோல்டிப்.

"இப்ப இருக்கிற இடத்துலதான்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவும்."

"அவங்க கட்டின நாள்லேர்ந்தா?"

"ஆமா சார்ஜன்ட்." அவன் இழைப்புளியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"இந்த ஆளு பொய் சொல்றப்ப பலகை மெலிஞ்சுக்கிட்டே போகுது" என்றாள் மர்ட்டில், நடந்து வரும்போது. "இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தா கதவு ஜன்னலாயிருக்கும்."

மஞ்சள் வீடு பூட்டிக் கிடந்தது. அடுப்புக் கரி இல்லை, கொடியில் துணி இல்லை, கோழி இல்லை. சுற்றிலும் மட்டும் வெள்ளைச் சல்லி பளிச்சென்று பரப்பியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் முற்றத்தில் பரப்புகிற அதே பவளக்கல் சல்லி.

மர்ட்டில் அதை மிதித்துப் பார்த்தாள். "இது என்ன மாசம் சார்ஜன்ட்?"

"ஜூன்."

"ஏசு ஆறு மாசம் முன்னாடியே பிறந்துட்டாரா?"

ஹோல்டிப் முதல் தடவையாகச் சிரித்தார். மண்டியிட்டு, பேனாக்கத்தியால் மண்ணைச் செங்குத்தாக வெட்டினார். மேலே புதுச் சல்லி. அதற்குக் கீழே கறுப்பு மண், வெள்ளை வரி, மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை. மர்ட்டில் விரல் விட்டு எண்ணினாள். புதுசைத் தள்ளினால் பதினொன்று.

"பதினொரு கிறிஸ்துமஸ்" என்றார் ஹோல்டிப். "எனிட் இங்க இருந்த வருஷம் எத்தனை?"

"பதினொண்ணு! ஆனா பைனோவும் அதையேதானே எழுதியிருக்காரு, ப்ளேட்ஸ் பதினொரு வருஷமா இருக்கான்னு?"

"சரி. சல்லியை வீட்டைச் சுத்திப் போடுவாங்களா, வீட்டுக்கு அடியில போடுவாங்களா?"

மர்ட்டில் அதற்குள் குனிந்துவிட்டாள். பாவாடையைச் செருகிக்கொண்டு மஞ்சள் வீட்டுக்கு அடியில் தவழ்ந்தாள். சிலந்தி, ஒரு தவளை, பழைய செருப்பு. நாலு பக்கமும் வீட்டின் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு தப்படி வரை பழைய வெள்ளைச் சல்லி ஓடியது. அதற்கப்புறம்தான் வெறும் கறுப்பு மண், வெட்டிவைத்த மாதிரி ஒரு கட்டம்.

"இங்க இதைவிடச் சின்ன வீடு ஒண்ணு இருந்திருக்கு!" என்று அடியிலிருந்து கத்தினாள். "பதினாறுக்கு எட்டு இருக்கும்."

"எனிட் வீடு பதினாறுக்கு எட்டு."

அவள் சிலந்தி வலையோடு வெளியே வந்தாள். "அப்ப கையும் களவுமா மாட்டிட்டானுங்க. வாங்க, சாப்பிடப் போகலாம்."

"எங்க போற? 'வீட்டைப் பெருசாக்கினேன்'னு ப்ளேட்ஸ் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சல்லி சாட்சிக் கூண்டுல ஏறாது மர்ட்டில். வாய் உள்ள ஒரு ஆள் வேணும்."

அந்த ஊரில் வாய் உள்ள ஆள் யாரும் இல்லை. ரொட்டிக்குள் உப்புமீன் போண்டா வைத்து விற்றவள்கூடக் காசை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடித்துக்கொண்டே எனிட்டின் வீட்டுக்குத் திரும்பியபோது மர்ட்டிலுக்கு ஒரு சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரொம்ப ஒழுங்காக. அலமாரியில் ஆறு பீங்கான் கோப்பை, ஒன்றில்கூட விரிசல் இல்லை. விளக்குச் சிம்னி முழுசாக இருந்தது. செத்துப்போன புருஷனின் படம் கோணாமல் தொங்கியது.

"திரும்பி வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா. சிம்னியை மட்டும் என் பழைய துண்டுல சுத்தி வச்சிருந்துச்சு."

மர்ட்டில் ஹோல்டிப்பைப் பார்த்தாள். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டாள். "எனிட் அக்கா, கோவிச்சுக்காதீங்க. பைனோகிட்ட ஏதாவது வாங்கிட்டு நீங்களே நகர்த்த விட்டுட்டு, அப்புறம் பத்தலைன்னு எங்ககிட்ட வந்தீங்களா? எதிரி நகர்த்தின வீட்டுல ஒரு கோப்பையாவது உடைஞ்சிருக்குமே!"

எனிட் இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தாள். மர்ட்டில் இரண்டடி பின்னால் போனாள்.

"வெளிய போடி! என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே... பதினொரு வருஷம்டி! இந்தக் கையால சம்பாரிச்ச வீடு!" அவள் குரல் உடைந்தது. இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அசையலையே" என்றார் ஹோல்டிப்.

"என்ன?"

"கட்டில். பழைய கட்டிலு, இந்தக் கனத்துக்கு ஒரு கிறீச்சாவது வேணும்."

எனிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஆடும். ஒரு கால் குட்டை. அட்டையை மடிச்சு வச்சிருப்பேன். இப்ப கொஞ்ச நாளா ஆடலைதான்... கவலையில கவனிக்கலை."

ஹோல்டிப் குனிந்து கட்டில் காலுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினார். அட்டை இல்லை. உள்ளங்கையளவு தேவதாரு ஆப்பு. நாலு பக்கமும் வழுவழுவென்று இழைத்து, முனை மழுக்கியிருந்தது.

"வீட்டைத் தூக்க வந்தவன் கட்டில் காலையும் சரி பண்ணிட்டுப் போயிருக்கான்" என்றாள் மர்ட்டில் மெதுவாக. கிண்டல் வரவில்லை.

வெளியே கார் சத்தம் கேட்டது.

நீளமான கறுப்புக் கார் மஞ்சள் வீட்டுக்குப் பக்கத்தில், ரோடு முடிகிற இடத்தில் போய் நின்றது. பைனோ வெள்ளை சூட்டில் இறங்கி நடந்து வந்தார். மணி இரண்டேகால்கூட ஆகவில்லை.

"எனிட்! என் முதல் தேர்தல் சட்டையை வெளுத்துக் கொடுத்தவளே! நீ என்மேல பிராது கொடுக்கலாமா?" தேனாக இருந்தது குரல். "சார்ஜன்ட், சௌக்கியமா? இன்னும் சோறு கிடைக்குதா?"

"கிடைக்குது மெம்பர். உங்க அளவுக்கு ருசியா இல்லை."

பைனோ சிரித்துவிட்டு எனிட் பக்கம் திரும்பினார். "மேட்டுல இன்னொரு துண்டு ஒதுக்கி வச்சிருக்கேன். பதினாலு-ஏ. உனக்குத்தான். குழு வர்றப்ப ஒரே வார்த்தை சொல்லு. 'என் வீடு எப்பவும் பள்ளத்தோரம்தான் இருந்துச்சு, மெம்பர்தான் இரக்கப்பட்டு மனை கொடுத்தாரு.' அவ்வளவுதான்."

"மாட்டேன்னா?"

"மாட்டேன்னா பட்டியல்ல தகராறுன்னு மொத்தத்தையும் கிழிச்சுப் போடுவேன். உன்னால பதிமூணு குடும்பம் ரோட்டுல நிக்கும். முடிவு உன்னுது." தொப்பியைத் தொட்டுவிட்டுக் காருக்குத் திரும்பினார். டிரைவர் இளநீர் சீவிக்கொண்டிருந்தான்.

எனிட் மேட்டுப் பக்கம் பார்த்தாள். சொந்த மனை, கைக்கெட்டும் தூரத்தில். ஒரு பொய்தான் விலை.

"வாங்கிக்கங்க அக்கா" என்றாள் மர்ட்டில். அவளுக்கே தன் வார்த்தை பிடிக்கவில்லை.

ஹோல்டிப் ஆப்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "மர்ட்டில், இந்த வீட்டைக் கலைக்காமத் தூக்க எத்தனை ஆள் வேணும்?"

"சாமான் எல்லாம் வெளிய எடுத்துட்டா முப்பது ஆள். ரெண்டு பாட்டில் ரம்."

"ஹாலட்ஸ்ல எத்தனை ஆம்பளை?"

காலையிலிருந்து பார்த்த முகங்களை அவள் மனசுக்குள் எண்ணினாள். ரம் கடையில் ஒன்பது பேர், கரும்பிலிருந்து வந்தவர்கள், தச்சன்... இருபத்தெட்டு. துண்டில் சுற்றின சிம்னி. கோணாமல் மாட்டின படம்.

"சார்ஜன்ட்... யாருமே பாக்கி இல்லையே."

"நாம காலையிலேர்ந்து ஒரு திருடனைத் தேடினோம். அதான் தப்பு. பைனோ இப்ப எனிட்கிட்ட போட்ட அதே கணக்கைத்தான் ஊர்கிட்டயும் போட்டிருப்பாரு. ஒருத்தியா, பதிமூணு பேரான்னு."

எனிட் அவர் கையிலிருந்து ஆப்பைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

குழுவைப் பார்க்க ஊரே குழாயடியில் கூடியிருந்தது. அவள் நேராக ட்ராட்மன் முன்னால் போய், அவன் இழைத்துக்கொண்டிருந்த கதவின் மேல் ஆப்பை வைத்தாள்.

"இது உன் இழைப்பு பெர்சி."

அவன் ஆப்பைப் பார்த்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டான்.

"மெம்பர் வந்து சொன்னாரு எனிட். பதினாலாம் நம்பர் அவர் மச்சானுக்கு, இல்லேன்னா பட்டியலே இல்லைன்னாரு. எனக்கு அஞ்சு புள்ளைங்க. கை வைக்காதவன் பேரு இருக்காதுன்னாரு. ஒரு கோப்பைகூட உடையலை எனிட், நாங்க பார்த்துப் பார்த்துத்தான்..."

"அந்தக் கருணைக்கு நான் கும்பிடு போடணுமா?" அவள் கத்தியதில் குழாயடி நடுங்கியது. "உங்க வீட்டுச் சாவுத் துணிய வெளுத்தேன்டா! உங்க புள்ளைங்களுக்கு ஞானஸ்நானச் சட்டை தேச்சேன்! வீட்டை நகர்த்திட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி கடனுக்கு உப்பு கொடுத்தீங்க, வாங்கிட்டேன். பைத்தியம்னீங்க, அதையும் வாங்கிட்டேன். ஒருத்தனுக்காவது ராத்திரி தூக்கம் வராம இருந்துச்சா?"

"எனக்கு வரலை" என்றான் ட்ராட்மன்.

எனிட் ரோட்டைப் பார்த்தாள். முடிவில் கறுப்புக் கார். வெளியே போக அந்த ஒரே வழி. கரும்பு இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றது.

"தூக்குங்க" என்றாள்.

"எதை?"

"என் வீட்டைத்தான். நடு ரோட்டுல கொண்டு வைங்க. பகல்ல. எல்லாரும் பார்க்க."

"மனை போயிருமே எனிட்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"போகலாம். ஏப்ரல்ல என் வீடு நகர்ந்துச்சு. இன்னொரு மச்சானுக்கு மனை வேணும்னா நாளைக்கு யாரு வீடு? தூக்க உன்னையே கூப்பிடுவான்."

ட்ராட்மன் இழைப்புளியை வைத்தான். பட்டறைக்குப் பின்னால் போய் ஒரு சவுக்குக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அப்புறம் இன்னொருவன். அப்புறம் ரம் கடைக்காரன் கடையைப் பூட்டினான். பெண்கள் கேட்காமலே எனிட் வீட்டுக்குள் போய்க் கோப்பைகளையும் கட்டிலையும் வெளியே கொண்டுவந்தார்கள். பைனோ மஞ்சள் வீட்டின் நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர், என்ன நடக்கிறது என்று எழுந்து பார்ப்பதற்குள் வீட்டுக்கு அடியில் கம்புகள் ஏறிவிட்டன.

"ரெண்டு ஆள் குறையுது" என்றான் ட்ராட்மன்.

"ஏப்ரல்ல அந்த ரெண்டு பேர் யாரு?" என்றார் ஹோல்டிப்.

"ப்ளேட்ஸும் மெம்பர் டிரைவரும்."

ஹோல்டிப் கோட்டைக் கழற்றி மர்ட்டிலிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி வேலியில் போட்டுவிட்டு, தானும் கம்புக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். "சம்பளத்துல இது சேராது சார்ஜன்ட்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் அவளால் பேச முடியவில்லை. வீடு அவ்வளவு கனம்.

மூன்று மணிக்குக் குழுவின் கார் வந்தபோது ரோட்டின் நடுவில் ஒரு வீடு நின்றது. ஜன்னல் திரை காற்றில் ஆடியது. அதற்கு அந்தப் பக்கம் பைனோவின் கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

குழுத் தலைவர் இறங்கினார். வயசானவர், கண்ணாடிக்காரர். வீட்டை ஒருமுறை, வேர்த்து நிற்கும் ஆட்களை ஒருமுறை பார்த்தார்.

"யாரு இதை இங்க வச்சது?"

"நாங்கதான் சார்" என்றான் ட்ராட்மன்.

"யார் சொல்லி?"

"இந்தத் தடவை எனிட் சொல்லி."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவை?"

ட்ராட்மன்தான் முதலில் திரும்பினான். பிறகு இருபத்தெட்டுப் பேரும் ஒருவன் பின் ஒருவனாகத் திரும்பி, ஹாரன் வந்த திசையைப் பார்த்தார்கள். ஹாரன் நின்றது. ஹோல்டிப் அருகில் போய்ப் பேனாக்கத்தியை எடுத்தார். "மீதியை மண்ணு சொல்லும் சார். பதினாலாம் நம்பருக்கு நடந்து போகலாமா?"

அதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. எனிட் வாசலில் நின்றாள். உள்ளே இஸ்திரி மேஜையை மட்டும் திரும்பக் கொண்டுபோய் நடுவில் போட்டிருந்தாள்.

"முதல்ல உள்ள வந்து உக்காருங்க சார். பட்டியலைப் புதுசா எழுதிட்டு அப்புறம் மண்ணைப் பார்க்கலாம். பதினாலு பேரையும் நான் சொல்றேன்." அவள் கண் ட்ராட்மன் மேல் போய் நின்றது. கோபம் இன்னும் அதில் அப்படியேதான் இருந்தது. "முதல்ல பெர்சி ட்ராட்மன்னு எழுதுங்க. அவனுக்கு அஞ்சு புள்ளைங்க. என் பேரைக் கடைசியில எழுதினாப் போதும்."